எடைச் சீட்டுக்குப் பின்னால் ஓடும் 'சீரியல்'!

சீரியல் என்றதும் நம் வீடுகளில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ராத்திரி நேரத்து டி.வி.தான். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் சீரியல் வேறு ரகம். இதில் மாமியார், மருமகள் சண்டை கிடையாது. ஆனால், விளைந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு எடை மேடையில் நிற்கிறவரின் பணம் இதில் இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிறது எருமப்பட்டி. சுற்றுவட்டாரத்தில் மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். கூடவே, நாமக்கல் என்றாலே நினைவுக்கு வரும் கோழிப்பண்ணைகள். கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது. சோளம் தீவன ஆலைக்குப் போகிறது. எது எங்கே போனாலும் நடுவில் ஒரு எடை மேடை உண்டு. அங்கே இந்தக் காட்சி பலருக்கும் பழக்கமானதுதான்.

வண்டி மேடையில் ஏறிவிட்டது. பெட்டி மாதிரி இருக்கும் கருவியில் சிவப்பு எண்கள் ஒளிர்கின்றன. ஆனால், பக்கத்து கம்ப்யூட்டரில் எடை வரவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. அல்லது புரியாத கிறுக்கல் வருகிறது. "கம்ப்யூட்டர் எடை எடுக்க மாட்டேங்குதுங்கண்ணா, கையிலயே அடிச்சுக் குடுத்துடறேன்" என்கிறார் சீட்டுப் போடுகிற தம்பி. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

பெரும்பாலும் அந்தத் தம்பி சரியாகத்தான் அடிப்பார். ஆனால், அவசரத்தில் 10,640 என்பது 10,460 ஆகிவிட்டால்? 180 கிலோ போச்சு. கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 4,500 ரூபாய். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து அறுவடை செய்த நாலைந்து பேரின் கூலிக்கு ஆகும் தொகை, இரண்டு எண் இடம் மாறியதில் காணாமல் போகிறது.

அந்த கம்ப்யூட்டர் ஏன் எடையை எடுக்கவில்லை? அதைக் கண்டுபிடிக்க எப்போதும் நகரத்திலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. பல நேரம் ஒரே ஒரு கட்டளையை டைப் செய்து பார்த்தால் போதும்.

எடை எப்படி கம்ப்யூட்டருக்குப் போகிறது?

மேடைக்கு அடியில் 'லோட் செல்' என்ற உணர்கருவிகள் இருக்கின்றன. வண்டியின் பாரம் அழுத்தும்போது அவற்றில் உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றத்தை அளந்து, எண்ணாக மாற்றிக் காட்டுவது இண்டிகேட்டர். சிவப்பு எண் ஒளிர்கிறதே, அந்தப் பெட்டி.

இண்டிகேட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போகும். அதன் முனையில் ஒன்பது ஊசி உள்ள ஒரு பிளக் இருக்கும். இதுதான் சீரியல் போர்ட். 'ஆர்.எஸ்.-232' என்ற இந்த முறை 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் எடை மேடை, ஆய்வுக்கூடக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் என்று இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கிறது. காரணம், அதன் எளிமை. ஒன்பது ஊசி இருந்தாலும் மூன்று கம்பி போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று.

'சீரியல்' என்றால் ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வரிசையாக நடந்து போவது மாதிரி, பூஜ்யமும் ஒன்றுமாக ஒவ்வொரு பிட்டாக அந்தக் கம்பியில் போகும்.

பால் சொசைட்டிகளிலும் இதே கதைதான். பாலின் கொழுப்புச் சத்தை அளக்கும் கருவியும், எடை இயந்திரமும் பல இடங்களில் இப்படிப்பட்ட கேபிள் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. காலையில் பால் ஊற்றிவிட்டு நம் அம்மாக்கள் வாங்கி வரும் சீட்டில் இருக்கும் எண்களும் இந்தப் பாதையில் நடந்து வந்தவைதான்.

ஒத்துப்போக வேண்டிய நான்கு விஷயங்கள்

கம்பியின் இரண்டு பக்கமும் நான்கு விஷயத்தில் ஒத்துப்போனால்தான் பேச்சு புரியும்.

முதலாவது, வேகம். இதற்கு 'பாட் ரேட்' என்று பெயர். 9,600 என்பது மிகப் பரவலாக இருக்கும் வேகம். அதாவது, விநாடிக்கு 9,600 பிட்.

இரண்டாவது, ஒரு எழுத்துக்கு எத்தனை பிட் என்பது. ஏழு அல்லது எட்டு.

மூன்றாவது, 'பாரிட்டி'. வழியில் தப்பு நடந்ததா என்று பார்க்கும் காவல்காரர். இவரைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

நான்காவது, 'ஸ்டாப் பிட்'. ஒரு எழுத்து முடிந்தது என்று சொல்லும் இடைவெளி. பெரும்பாலும் ஒன்று.

எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்றால், தொடக்கத்தைச் சொல்லும் ஒரு பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்குப் பத்து பிட் ஆகும். ஆக, 9,600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து போகும். எடையைச் சொல்லும் ஒரு வரி 16 எழுத்து என்று வைத்துக்கொண்டால், அதைப்போல் 60 வரிகளை ஒரே விநாடியில் அனுப்பிவிடலாம். ஆனால், நம் போனில் எடுக்கும் 2 எம்.பி. போட்டோவை இதே கம்பியில் அனுப்பினால் ஏறக்குறைய 35 நிமிடம் பிடிக்கும். எடையைச் சொல்ல இந்த வேகம் தாராளம்.

டைப் செய்ய வேண்டியது ஒரே சொல்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். அதில் 'மோட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். போனில் சைலன்ட் மோட் என்கிறோமே, அதே நான்கு எழுத்து. டாஸ் காலத்திலிருந்தே இருக்கும் கட்டளை இது.

கம்ப்யூட்டரில் இருக்கும் சீரியல் போர்ட்டுகள் எல்லாம் காம்1, காம்3 என்று பெயரோடு வரிசையாக வரும. ஒவ்வொன்றுக்கும் கீழே நாம் பார்த்த நான்கும் இருக்கும்: வேகம், பாரிட்டி, டேட்டா பிட், ஸ்டாப் பிட். ஒரு போர்ட்டை மட்டும் பார்க்க, 'மோட்' என்பதற்குப் பிறகு ஓர் இடம் விட்டு அதன் பெயரைக் கொடுத்தால் போதும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் 'எஸ்.டி.டி.ஒய்.' என்ற கட்டளை. பழைய டெலிடைப் இயந்திரங்களின் காலத்திலிருந்து வந்த பெயர். அதோடு போர்ட்டின் பெயரையும் கொடுத்தால் அமைப்புகளைக் காட்டிவிடும்.

இங்கே மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இப்படிப் பார்ப்பதால் எந்த அமைப்பும் மாறாது. கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரிதான். கட்டளையோடு வேகம், பாரிட்டி என்று புதிய மதிப்புகளைச் சேர்த்து அடித்தால்தான் மாறும். எனவே பார்க்கப் பயப்பட வேண்டாம். மாற்றுவதற்கு மட்டும் யோசியுங்கள்.

இரண்டு, எடை போடும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸில் பார்த்தால், அந்த போர்ட் இப்போது கிடைக்காது என்று பதில் வரலாம். அது கோளாறு அல்ல. மென்பொருள் அந்த போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, பல மென்பொருள்கள் திறக்கும்போது தங்களுக்கென்று வைத்திருக்கும் அமைப்பை போர்ட்டில் ஏற்றிக்கொள்ளும். அதனால் கட்டளை காட்டும் எண்களோடு, மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் எண்களையும், இண்டிகேட்டரின் கையேட்டில் இருக்கும் எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

கிறுக்கலும் ஒரு சேதி சொல்லும்

கம்ப்யூட்டரில் எடையே வரவில்லை என்றால் முதலில் போர்ட்டின் பெயரைப் பாருங்கள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஒன்பது ஊசி போர்ட் இருப்பது அரிது. யு.எஸ்.பி.யில் செருகும் கன்வெர்ட்டர் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். தூசு தட்டும்போது அதைக் கழற்றிப் பக்கத்துத் துளையில் செருகினால், காம்3 என்று இருந்தது காம்5 என்று மாறிவிடக்கூடும். மென்பொருளோ பழைய வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். 'மோட்' கட்டளை புதிய விலாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா எழுத்தும் கிறுக்கலாக வந்தால், சந்தேகம் வேகத்தின் மேல். ஒரு பக்கம் 9,600, மறுபக்கம் 2,400 என்று இருக்கலாம்.

சில எண்கள் சரியாகவும், சில எண்கள் கிறுக்கலாகவும் வந்தால்? இது சுவாரசியமான இடம். 0, 3, 5, 6, 9 ஆகியவை ஒழுங்காக வந்து, 1, 2, 4, 7, 8 மட்டும் விநோதக் குறிகளாக மாறினால், இண்டிகேட்டர் 'ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி' என்று அனுப்புகிறது, கம்ப்யூட்டர் 'எட்டு பிட், பாரிட்டி இல்லை' என்று வாங்குகிறது என்று ஊகிக்கலாம். 1 வரவேண்டிய இடத்தில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறி வருவது இதன் அடையாளம்.

ஏன் இப்படி? இரட்டைப் பாரிட்டி என்பது, ஒவ்வோர் எழுத்திலும் உள்ள 'ஒன்று'களை எண்ணி, அது ஒற்றைப்படையாக இருந்தால் கூடுதலாக ஓர் 'ஒன்று' சேர்த்து இரட்டைப்படை ஆக்குவது. 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் ஏற்கெனவே இரட்டைப்படைதான். அதனால் அவை மாறாமல் வந்துவிடுகின்றன. மற்ற ஐந்துக்கும் ஒட்டப்பட்ட அந்தக் கூடுதல் பிட்டை, எழுத்தின் பகுதி என்று கம்ப்யூட்டர் தவறாக நினைத்துக்கொள்கிறது.

காவல்காரர் இல்லாத வீடு

பாரிட்டியை 'இல்லை' என்று வைத்தாலும் எடை வரும். அப்புறம் எதற்கு அது என்று கேட்கலாம். ஓர் உதாரணம் பாருங்கள்.

கம்ப்யூட்டர் மொழியில் 4 என்ற எண்ணுக்கும் 6 என்ற எண்ணுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். 0-வுக்கும் 8-க்கும் அப்படித்தான். பக்கத்தில் ஓடும் மோட்டார், தளர்ந்த பிளக், சரியில்லாத எர்த் என்று ஏதோ ஒரு காரணத்தால் வழியில் ஒரு பிட் புரண்டால், 10,460 கிலோ என்பது 10,660 கிலோவாகப் போய்ச் சேரலாம். பார்க்க நியாயமான எண்ணாகத்தான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. 200 கிலோ வித்தியாசம்!

பாரிட்டி இருந்தால், ஒரு பிட் புரண்டதும் கணக்கு ஒற்றைப்படை ஆகிவிடும். இது செல்லாது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். ஒரே எழுத்தில் இரண்டு பிட் புரண்டால் இந்தக் காவல்காரரும் ஏமாந்துவிடுவார் என்பது வேறு விஷயம். அதனால்தான் நல்ல மென்பொருள்கள் ஒரு தடவை வந்த எண்ணை உடனே நம்பாது. அடுத்தடுத்து ஒரே எடை வந்து நிலையாக நின்ற பிறகுதான் ஏற்றுக்கொள்ளும். கேபிளின் நீளமும் முக்கியம். ஆர்.எஸ்.-232 கேபிளுக்கு ஏறக்குறைய 15 மீட்டர் வரை என்பது பொதுவான வழக்கம். அதைத் தாண்டி இழுத்தால் தொல்லை கூடும். தூரம் அதிகம் என்றால் அதற்கென்று ஆர்.எஸ்.-485 என்ற முறை இருக்கிறது.

இதே கம்பியில்தான் இன்டர்நெட்டும் வந்தது

இரண்டு கருவிகள் மட்டும் பேசிக்கொள்ளும் இந்தக் கம்பியிலேயே ஒரு காலத்தில் உலகமும் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் மோடத்தை மாட்டி, மோடத்தை டெலிபோனில் மாட்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த 'கீ... கர்ர்...' சத்தத்தை அப்பாக்களிடம் கேட்டால் வாயாலேயே எழுப்பிக் காட்டுவார்கள்.

சீரியல் கம்பியில் நெட்வொர்க்கை ஓட்ட முதலில் இருந்த வழிக்கு 'ஸ்லிப்' என்று பெயர். 1988-ல் ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது. மிக எளிமையானது. ஒரு பொட்டலம் முடிந்தது என்று காட்ட 192 என்ற எண்ணைப் போடும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். தப்பு பார்க்கும் வசதி கிடையாது. என் விலாசம் இது, உன் விலாசம் எது என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளவும் வழி கிடையாது. எல்லாவற்றையும் ஆள்தான் கையால் எழுதி வைக்க வேண்டும். ஓர் எண் பிசகினாலும் இணைப்பு ஊமையாகிவிடும். அதனால், இணைப்பின் அமைப்புகளைக் கட்டளை போட்டுப் பார்ப்பது அன்றைய ஆட்களுக்கு அன்றாட வேலை.

அந்தக் குறைகளைத் தீர்க்க வந்ததுதான் 'பி.பி.பி.'. இரண்டு முனைகளும் முதலில் பேசி, பெயர், பாஸ்வேர்டு, விலாசம், பொட்டலத்தின் அளவு எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்துகொள்ளும். இப்படி உண்டான இணைப்பை லினக்ஸில் 'ஐஎஃப்கான்ஃபிக்' என்ற கட்டளையிலும், விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையிலும் பார்க்கலாம். பி.பி.பி. என்ற பெயரோடு தனியாகத் தெரியும்.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட பல பிராட்பேண்ட் இணைப்புகளில் 'பி.பி.பி.ஓ.இ.' என்ற வடிவத்தில் அதே பி.பி.பி. இன்றும் ஓடுகிறது. வீட்டு வைஃபை ரவுட்டரின் செட்டிங்ஸில் யூசர்நேம், பாஸ்வேர்டு போடும் இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 'எம்.டி.யு.' என்று ஒன்று இருக்கும். ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு அது. சாதாரணமாக 1,500. பி.பி.பி.ஓ.இ. தன் தலைப்புக்கு 8 எடுத்துக்கொள்வதால் 1,492. அங்கே தவறி 1,500 என்று இருந்தால், வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், ஏதோ ஒரு பேங்க் தளம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். எடை மேடையில் பார்த்த அதே பாடம்தான்: இரண்டு முனையும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியோடு நிற்கிறவர் என்ன செய்யலாம்?

கட்டளை போட்டுப் பார்ப்பது கம்ப்யூட்டரை வைத்திருப்பவரின் வேலை. சரக்கை ஏற்றி வந்திருப்பவருக்கு வேறு சில வேலைகள் இருக்கின்றன.

* சிவப்பு எண்தான் மூலம். கம்ப்யூட்டர் அதன் நகல். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி சரிபார்த்து முத்திரை போடப்படுவது எடை இயந்திரத்துக்குத்தான். எனவே, சீட்டில் இருக்கும் எண்ணை இண்டிகேட்டரில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வண்டி மேடையில் நிற்கும்போதே ஒப்பிடுங்கள்.

* மொத்த எடை, வெறும் வண்டி எடை இரண்டின்போதும் இண்டிகேட்டரை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் தேதியும் தானாகப் பதிவாகிவிடும். வண்டி ஏறுவதற்கு முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

* கையால் அடித்த சீட்டு என்றால், அதில் அப்படியே ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்கள். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. மிஷின்ல இருக்கற நம்பரும் சீட்டுல இருக்கற நம்பரும் ஒண்ணுதானான்னு ஒருக்கா பாத்துக்கறனுங்க" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

* சரிபார்ப்புச் சான்றிதழ் அங்கே மாட்டியிருக்கிறதா, அதன் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எடையில் சந்தேகம் இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம்.

எடை மேடையோ பால் சொசைட்டியோ நடத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் 'மோட்' கட்டளையைப் போட்டு, போர்ட்டின் பெயரையும் அந்த நான்கு அமைப்புகளையும் ஓர் அட்டையில் எழுதி கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டர் மாறினாலும், கன்வெர்ட்டர் மாறினாலும், வேலைக்குப் புது ஆள் வந்தாலும் அந்த அட்டையைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். சர்வீஸ் ஆள் வரும்வரை கையால் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் நாலு வண்டியும் ஹாரன் அடிக்காது.

வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அடுத்த தடவை லோடு ஏற்றிப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போங்கள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் 'பாரிட்டி', நம் வண்டி எடையில் எத்தனை கிலோ என்று அங்கே புரியும்.